அடுத்த மெஷின் வாங்குமுன்: தங்கவயல் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்



கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், உரிகம், சாம்பியன், கோரமண்டல், மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன்களிலும் குடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், குறிப்பாக வீட்டு வேலையையும் சம்பாத்தியத்தையும் சேர்த்தே சுமக்கும் பெண்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். வாஷிங் மெஷினோ ஃப்ரிட்ஜோ மைக்ரோவேவோ, நம் ஊரில் வைத்துப் பழுது பார்க்க முடியாத எதையும் இனி வாங்காதீர்கள். வாங்கியே தீரவேண்டும் என்றால், பழுதானால் யார் பொறுப்பு, உதிரிப் பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். விலை கேட்கிறீர்கள், தள்ளுபடி கேட்கிறீர்கள், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அந்த மெஷின் நின்றுபோகும் நாளில் என்ன ஆகும் என்று கேட்பவர் அரிது. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் தயார் செய்துவைக்க விற்பவர்களுக்கு எந்த அவசியமும் இல்லாமல் போய்விட்டது.

துணி துவைக்க மெஷின் எதற்கு, கை இல்லையா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த ஊரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கட்டும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடியபிறகு இங்கே பிழைப்பு என்பது பெரும்பாலும் ரயிலில் ஏறிப் போய்த் தேடுவதாகிவிட்டது. விடிவதற்குள் மாரிகுப்பத்திலோ உரிகத்திலோ ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டியபின் வீடு திரும்பும் குடும்பங்களுக்குத் துவைக்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் துவைக்க முடியும். அந்த ஒரு நாளில் மெஷின் நின்றால் வார விடுமுறையே துவைக்கிற கல்லில் கரைந்துபோகும். கம்பெனி ஆள் வருகிற நேரமோ வேலைநாளில் பகல் வேளை. அப்போது வீடு பூட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பவரை வரவழைக்க ஒரு நாள் கூலியை விடவேண்டிய நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். ஆகவே நம்பி ஓட்டக்கூடிய மெஷின் பெங்களூரின் வசதியான இந்திரா நகருக்குத் தேவைப்படுவதைவிட நமக்கு அதிகம் தேவை.

இந்த ஊரில் மெஷின்கள் ஏன் சீக்கிரம் மக்கர் செய்கின்றன என்பதையும் பார்ப்போம். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர், இன்று போர்வெல்லையும் டேங்கரையும் நம்பி நிற்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். சூடாக்கித் துவைக்கும் மெஷினில் ஹீட்டர்மேல் அது வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. சோப்புத் தூளோடு சேர்ந்து டிரம்மின் பின்புறம் பசையாக ஒட்டி, டிரம்மைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தை அரிக்கிறது. மெஷினின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் மாட்டும் வால்வுக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது. டேங்கர் தண்ணீரின் மண்ணும் உப்பும் அதில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. மெஷின் ஏதோ ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டிவிட்டு நின்றுவிடும். உண்மையில் உள்ளே எதுவும் உடையவில்லை. குழாயை மூடிக் கழற்றி, அந்தச் சல்லடையைப் பிளேயரால் மெல்ல இழுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பல வீட்டார் இதற்கே விசிட்டிங் சார்ஜ் கட்டுகிறார்கள். இன்னொன்று, தண்ணீரின் அழுத்தம். முன்பக்கக் கதவு மெஷின்கள் பலவற்றுக்குத் தொட்டி ஏறத்தாழ பத்தடி உயரத்திலாவது இருக்கவேண்டும். ஓடும் ஷீட்டும் போட்ட லைன் வீட்டில் அந்த உயரத்துக்குத் தொட்டியை எங்கே ஏற்றுவது? இவற்றோடு ஏறி இறங்கும் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. மெஷினின் மூளையான பிசிபி போர்டு முதலில் பலியாவது அதனால்தான்.

தண்ணீரும் மின்சாரமும் கெடுப்பது உண்மை என்றால் கம்பெனிகளைக் குறை சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெஷின்களைச் சீக்கிரம் கெடும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் செய்வித்த ஆய்வு ஒன்று, பழுதானதால் ஐந்து வருஷத்துக்குள் மாற்றப்பட்ட பெரிய வீட்டு உபயோகப் பொருள்களின் பங்கு 2004-ல் 3.5 சதவீதமாக இருந்தது 2012-ல் 8.3 சதவீதமானது என்று கண்டது. ஆனால் அது திட்டமிட்ட சதி என்று நிரூபிக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே கெட்டுப்போவது என் புகார் அல்ல. ஓடுகிற எதுவும் ஒரு நாள் தேயும். கெட்டதைச் சரிசெய்ய முடியாதபடி மூடி வைப்பதுதான் என் புகார்.

இதை மெஷினைத் திறந்துவைத்தே பார்க்கலாம். இரண்டு தொட்டி உள்ள பழைய செமி ஆட்டோமேட்டிக்கின் பின்பலகையை நாலு ஸ்க்ரூவில் கழற்றிவிடலாம். உள்ளே பெல்ட், கெப்பாசிட்டர், கியர் பாக்ஸ், டைமர், பிரேக் ஒயர், இரண்டு மோட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைக்கும், தனித்தனியாக மாற்றலாம். இப்போது வரும் முன்பக்கக் கதவு மெஷின்கள் பலவற்றில் டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் பேரிங் 6205, 6206 போன்ற சாதாரண எண்ணுடையது. எந்த பேரிங் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கக்கூடியது. ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் இறங்கினால் அந்தப் பேரிங் துருப்பிடித்து, துணி பிழியும்போது வீடே அதிரச் சத்தம் போடும். ஒட்டிய தொட்டியைப் பிரிக்க வழியில்லாததால் பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது. தொட்டி முழுவதையும் மாற்று என்பார்கள், அதற்குப் பல ஆயிரம் கேட்பார்கள். பிசிபி போர்டின் கதையும் இதுதான். ஈரம் படாமல் இருக்க அதன்மேல் பிசின் ஊற்றி இறுக்குகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு சின்ன ரிலே போனாலும் போர்டு முழுவதையும் தூக்கிப் போடவேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் வாரண்டியையும் கவனியுங்கள். மோட்டாருக்குப் பத்து வருஷம் என்றிருக்கும். முழு மெஷினுக்கு பெரும்பாலும் இரண்டே வருஷம்தான். இன்றைய மெஷினில் மோட்டார் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. போர்டு, டிரெய்ன் பம்ப், வால்வு, சீல், பேரிங் இவைதான் கெடுகின்றன. கெடாததற்கு நீண்ட வாக்குறுதியும் கெடுவதற்குக் குறுகிய வாக்குறுதியும் தருவதை நீங்கள் வாரண்டி என்று நம்பி வாங்குகிறீர்கள்.

உங்கள் ஊரில் தெரிந்த ஆள் இல்லை, சர்வீஸ் சென்டர் வைத்தால் கட்டுபடியாகாது என்பது நமக்குச் சொல்லப்படும் சமாதானம். இதை வேறு ஊரிடம் சொல்லலாம். காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-ல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக முதலில் வந்து சேர்ந்தது நம் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-ல். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆளை இறக்கிய வைண்டிங் இன்ஜினும், தண்ணீரை இறைத்த பம்பும், காற்றை அனுப்பிய கம்ப்ரஸரும் நின்றால் கீழே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அங்கே பழையதைத் தூக்கிப் போட்டுப் புதியது வாங்குவோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. கழற்றினார்கள், கடைந்தார்கள், சுற்றினார்கள், ஓடவைத்தார்கள். 1964-ல் பெமல் நிறுவனம் தொடங்கியபிறகு புல்டோசர் கட்டும் வேலையையும் இந்த ஊர் கற்றுக்கொண்டது. ஃபிட்டர், டர்னர், வைண்டர் என்று தலைமுறை தலைமுறையாக இரும்போடு பழகிய குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன. நம் மாவட்டத்து நரசாபுரத்தில் இன்று ஐபோன் தயாராகிறது. அவ்வளவு நுணுக்கமான பொருளைக் கட்டத் தெரிந்த மாவட்டத்தில் வாஷிங் மெஷின் போர்டைப் பார்க்க ஆளில்லை என்றால் அதை எப்படி ஏற்பது? இங்கே கைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைக்கு வேண்டிய உதிரிப் பாகமும், சர்க்யூட் படமும், எந்த எண் எந்தப் பழுதைக் காட்டுகிறது என்ற கையேடும் வெளியே விடப்படுவதில்லை. அடைபட்டிருப்பது அதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ரிப்பேருக்கு ஆகும் காசில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும் என்பது முதலாவது. இது பல சமயம் உண்மைதான். ஆனால் ஏன் உண்மை? சில நூறு ரூபாய்ப் பாகத்தைத் தனியாக விற்காமல் பல ஆயிரம் ரூபாய்த் தொகுப்பாக மட்டும் விற்பதால், வெளியூர் ஆள் வந்துபோகும் செலவு நம் தலையில் விழுவதால். அப்படியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் மெஷின் ஐந்து வருஷத்தில் ஓய்ந்தால் வருஷத்துக்கு 3,000 ரூபாய் ஆகிறது. இடையில் 4,000 ரூபாய் செலவழித்து அதைப் பத்து வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 1,900 தான். பத்து வருஷத்தில் மிச்சம் 11,000 ரூபாய். மாநில அரசின் கிருஹலட்சுமித் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வாங்கும் தாய்க்கு அது ஐந்து மாதப் பணத்துக்கு மேல். புதிதாக வாங்கும் மெஷினும் இதே உப்புத் தண்ணீரில், இதே மின்சாரத்தில்தான் ஓடப்போகிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

புது மெஷின் கரண்ட்டை மிச்சப்படுத்தும் என்பது இரண்டாவது. நாம் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். 400 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட். தினமும் துவைத்தாலும் வருஷத்துக்கு 73 யூனிட். புது மெஷின் அதில் பாதியை மிச்சப்படுத்தினாலும் 36 யூனிட்டுக்காக நல்ல மெஷினைத் தள்ளவேண்டுமா? கிருஹஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் பில் வராத வீடுகளில் அந்த மிச்சம் காசாகவும் தெரியாது. ஃப்ரிட்ஜ் விஷயம் வேறு. அது இரவு பகலாக ஓடுவது. மிகப் பழைய ஃப்ரிட்ஜை மாற்றுவதில் லாபம் இருக்கலாம், அங்கே மின்சிக்கன நட்சத்திரத்தைப் பாருங்கள். ஆனால் அந்த நட்சத்திரம் கரண்ட்டைப் பற்றி மட்டுமே பேசும். ஆயுளைப் பற்றியோ ரிப்பேரைப் பற்றியோ அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

உள்ளூர் மெக்கானிக் ஏமாற்றுகிறார், டூப்ளிகேட் போடுகிறார், எர்த் ஒயரைக்கூடச் சரியாகக் கொடுப்பதில்லை என்பது மூன்றாவது. இந்தக் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் மெஷினில் அரைகுறை வேலை உயிரை வாங்கும். ஆனால் அசல் பாகத்தை அவருக்கு விற்க மறுத்துவிட்டு, அவர் டூப்ளிகேட் போடுகிறார் என்று குற்றம் சொல்வது முறையா? பயிற்சி கொடுக்க மறுத்துவிட்டுப் பயிற்சி இல்லை என்பது முறையா? வாரண்டிக்குள் இருக்கும்வரை கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். வாரண்டி முடிந்தபின் உள்ளூர்க்காரரைக் கூப்பிடும்போது மூன்றை மட்டும் கேளுங்கள்: கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கவேண்டும், போட்ட பாகத்துக்குப் பில் வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று உங்கள் கண்முன் பார்த்துக் காட்டவேண்டும். ஒழுங்காகச் செய்பவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அவர் கடை மூடினால் நஷ்டம் நமக்குத்தான்.

சுரங்கம் மூடிய சின்ன ஊர், நாம் கேட்டு யார் காதில் விழப்போகிறது என்பது கடைசி ஐயம். வெளியே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடல் வாஷிங் மெஷின் விற்பனை நின்றபின்னும் பத்து வருஷத்துக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கவேண்டும், கேட்ட 15 வேலைநாளுக்குள் வந்து சேரவேண்டும் என்று விதி இருக்கிறது. பிரான்ஸில் அதே 2021 ஜனவரியில், எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணைக் கடையிலேயே காட்டவேண்டும் என்ற விதி வந்தது. அங்கே விற்கும் பன்னாட்டுக் கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. ஆகவே செய்ய முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. இங்கே யாரும் வற்புறுத்தவில்லை, அவ்வளவே. நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் அடங்கும். அந்த வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் மொபைல், மின்னணுப் பொருள்களுக்கான பழுதுநீக்கக் குறியீடு பற்றி இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. பரிந்துரை தானாகச் சட்டமாகாது. கீழிருந்து கேட்கும் குரல்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

இருக்கிற சட்டமும் வெறுங்கையோடு நம்மை விட்டுவிடவில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு அது கோலார். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும், பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கவேண்டும். அதற்குமுன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யலாம், தனிச் செலவில்லை. வாரண்டிக்குள் மூன்று தடவை வந்தும் சரிசெய்யாமல் போனாலோ, பாகம் இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தாலோ விதியே என்று பழைய இரும்புக்குப் போடாதீர்கள். புகார் எண்ணை வாங்குங்கள். பதிவாகாத குறை, கம்பெனியின் கணக்கில் குறையே இல்லை.

இனி என் வேண்டுகோள். எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் அடுத்த மெஷின் வாங்கப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு வாரண்டி முடிந்தபின் பார்க்க தங்கவயலில் யார் இருக்கிறார்? போர்டு, பம்ப், பேரிங் இவை தனித்தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருஷம் கிடைக்கும்? இந்த ஊர்த் தண்ணீருக்கும் என் வீட்டுத் தொட்டி உயரத்துக்கும் இது சரிப்படுமா? பதிலைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இதைக் கூட்டத்தில் பேசி, ஒரே குரலில் கேட்கவேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் டீலரிடம் கேட்பார், டீலர் கம்பெனியிடம் கேட்பார். ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டார், வீட்டு உபயோகப் பொருள் ரிப்பேரைக் கௌரவமான தொழிலாக எண்ணி அவர்களை அதில் ஊக்குவிக்கவேண்டும். பெங்களூர் ரயிலில் ஏறாமலே பிழைக்க அது ஒரு வழி. கையில் இருக்கும் மெஷினுக்கு மாதம் ஒரு தடவை சல்லடையைக் கழுவுங்கள், ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள்.

நம் உழைப்பில் வந்த காசு, நம் வீட்டுக் கூடத்தில் நிற்கும் பொருள். அதைத் திறக்கவும் சரிசெய்யவும் நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காத வாடிக்கையாளருக்கு எந்தக் கம்பெனியும் தானாக வந்து கொடுக்கப்போவதில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவர்